பறந்து காட்டிய விமானம் ஏன் காத்திருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புதிய பயணிகள் விமானம் ஒன்று முதன்முறையாக வானில் ஏறி இறங்கியதைச் செய்தியில் பார்த்தேன். எல்லோரும் கைதட்டினார்கள், விமானிகள் கையசைத்தார்கள். அதன் பிறகு அந்த விமானம் எந்த நிறுவனத்தின் கைக்கும் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. நன்றாகப் பறந்துவிட்ட விமானத்தை வாங்கியவரிடம் கொடுப்பதற்கு ஏன் இத்தனை மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆகின்றன?

பதில்: உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இதுவரை உலகில் இல்லாத ஒரு புது மாடல் முதன்முதலாகப் பறப்பது ஒன்று. ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற மாடலில், தொழிற்சாலையிலிருந்து புதிதாக வெளிவந்த ஒரு தனி விமானம் முதன்முதலாகப் பறப்பது மற்றொன்று. கைதட்டலோடு செய்தியில் வருவது முன்னதுதான். ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும் அதுவே. பின்னது எந்தச் சந்தடியும் இல்லாமல் பறந்து, எல்லாம் ஒழுங்காக இருந்தால் சில வாரங்களில் கைமாறிவிடும். இப்போது முன்னதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

போயிங் 777 முதன்முதலாகப் பறந்தது 1994 ஜூன் 12 அன்று. முதல் விமானம் யுனைடெட் ஏர்லைன்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது 1995 மே மாதத்தில், அதாவது பதினொரு மாதங்களில். ஏர்பஸ் ஏ350 மாடலுக்கு 2013 ஜூனிலிருந்து 2014 டிசம்பர் வரை பதினெட்டு மாதங்களும், போயிங் 787 மாடலுக்கு 2009 டிசம்பரிலிருந்து 2011 செப்டம்பர் வரை இருபத்தொரு மாதங்களும் பிடித்தன. இரண்டு தளங்கள் கொண்ட ஏ380 ஏறத்தாழ இரண்டரை ஆண்டு காத்திருந்தது. சீனாவின் சி919 ஐந்தரை ஆண்டுக்கும் மேல். ஜப்பானில் மிட்சுபிஷி உருவாக்கிய சிறிய ஜெட் விமானமோ 2015 நவம்பரில் பறந்து காட்டியும், எந்த வாடிக்கையாளரையும் எட்டாமலேயே 2023இல் கைவிடப்பட்டது.

முதல் பறப்பு என்பது விமானம் தயாராகிவிட்டது என்பதற்கான அறிவிப்பு அன்று. அதைச் சோதிக்கத் தொடங்கலாம் என்பதற்கான அனுமதி மட்டுமே. அன்று பறக்கும் விமானத்தின் உள்ளே எட்டிப் பார்த்தால் இது விளங்கும். பயணிகள் அமரும் இடத்தில் இருக்கைகள் இருப்பதில்லை. பெரிய நீர்த்தொட்டிகளை வரிசையாகப் பொருத்தி, அவற்றுக்கிடையே குழாய்களை ஓடவிட்டிருப்பார்கள். பறக்கும்போதே முன்னால் இருக்கும் தண்ணீரைப் பின்னால் அனுப்பி, விமானத்தின் எடை மையத்தை வேண்டிய இடத்துக்கு நகர்த்துவதற்கான ஏற்பாடு அது. நடுவே கணினித் திரைகளின் முன் பொறியாளர்கள் அமர்ந்து அளவீடுகளைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள். 2005 ஏப்ரல் 27 அன்று முதல் ஏ380 மூன்று மணி ஐம்பத்து நான்கு நிமிடம் பறந்தபோது, அத்தனை பெரிய விமானத்தில் இருந்தவர்கள் ஆறே பேர்.

இதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஒரு மாடலை விற்று அதில் பயணிகளை ஏற்ற வேண்டுமானால், அமெரிக்காவில் எஃப்.ஏ.ஏ., ஐரோப்பாவில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை போன்ற ஒழுங்குமுறை அமைப்பு அதற்கு மாடல் சான்றிதழ் வழங்கியிருக்க வேண்டும். விதிகளில் உள்ள ஒவ்வொரு நிபந்தனையையும் கணக்கின் மூலமோ, தரைச் சோதனையின் மூலமோ, பறந்து காட்டியோ உற்பத்தியாளர் மெய்ப்பிக்க வேண்டும். ஒரு விமானத்தால் ஆகிற காரியம் அல்ல இது. ஏ350 மாடலுக்கு ஐந்து சோதனை விமானங்கள் சேர்ந்து 2,600 மணி நேரத்துக்கு மேல் பறந்த பிறகே 2014 செப்டம்பர் 30 அன்று ஐரோப்பியச் சான்றிதழ் கிடைத்தது.

அந்தச் சோதனைகளில் ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். புறப்படுவதற்காக ஓடுபாதையில் முழு வேகத்தில் ஓடும் விமானம், ஏதோ கோளாறு என்று கடைசி நொடியில் பயணத்தைக் கைவிட்டு நின்றாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு அந்த நிலைமையிலேயே மிக மோசமானதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். விமானம் புறப்படக்கூடிய அதிகபட்ச எடை. தேய்மானத்தின் கடைசி எல்லைக்கு வந்துவிட்ட பிரேக்குகள். என்ஜின்களின் பின்னோக்கிய உந்துவிசையின் உதவியும் கிடையாது. விமானி பிரேக்கை முழுதாக அழுத்துகிறார். சில நூறு டன் எடையின் வேகம் முழுவதும் சக்கரங்களுக்குள் இருக்கும் வட்டுகளில் வெப்பமாக மாறுகிறது. அவை செக்கச்செவேலென்று கனன்று, வெயிலிலும் கண்ணுக்குத் தெரிகின்றன. டயர்கள் வெடித்துச் சிதறாமல் இருக்க, சக்கரத்தில் பதித்திருக்கும் சிறு உலோக அடைப்பான்கள் உருகி, உள்ளே இருக்கும் வாயுவை மெல்ல வெளியேற்றுகின்றன. டயர்கள் ஒவ்வொன்றாகச் சப்பிப்போகின்றன. தீயணைப்பு வண்டிகள் பக்கத்திலேயே வந்து நிற்கும், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அடிக்கக் கூடாது. உண்மையான விபத்தில் உதவி வந்து சேர அவ்வளவு நேரம் ஆகலாம் என்பதும், அதுவரை தீ பயணிகளை நெருங்கக் கூடாது என்பதும் கணக்கு. அந்த ஐந்து நிமிடமும் புகைந்துகொண்டு நிற்கும் விமானத்தைச் சுற்றி நிற்பவர்கள் கடிகாரத்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

இப்படி இன்னும் பல. எவ்வளவு குறைந்த வேகத்தில் தரையைவிட்டு எழ முடியும் என்று கண்டறிவதற்காக, வாலின் அடிப்பகுதியில் தேய்மானக் கட்டை ஒன்றைப் பொருத்தி, மூக்கை உயர்த்தி, வால் ஓடுபாதையில் உரசித் தீப்பொறி பறக்கப் பறக்க ஓட்டுவார்கள். தேங்கிய நீரின் மேல் ஓடவிட்டு, சக்கரங்கள் வாரியடிக்கும் தண்ணீர் என்ஜினுக்குள் போய் அதை அணைத்துவிடுகிறதா என்று பார்ப்பார்கள். ஏ350 விமானத்தை 2014 ஜனவரியில் கனடாவின் வடபகுதியில் உள்ள இக்கலூயிட்டுக்குக் கொண்டுபோய் உறைகுளிரில் நிறுத்தினார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள மெக்கின்லி தட்பவெப்ப ஆய்வுக்கூடத்தில், ஒரு பெரிய கூடத்துக்குள்ளேயே கடும் வெயிலையும் கடும் குளிரையும் அதற்குக் காட்டினார்கள். ஒருபோதும் பறக்காத வேறொரு உடலைத் தரையில் கட்டி வைத்து, இறக்கைகளை மேல்நோக்கி வளைத்துக்கொண்டே போவதும் இதில் அடங்கும். விமானம் தன் ஆயுளில் சந்திக்கக்கூடிய உச்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கை அந்த இறக்கை மூன்று நொடியாவது முறியாமல் தாங்க வேண்டும். 777 விமானத்தின் இறக்கை 1.54 மடங்கில் முறிந்தது. தேவைக்குமேல் கொஞ்சம் மட்டுமே மிச்சம், அதாவது இறக்கையில் வீண் எடை இல்லை என்பதால் வடிவமைப்பாளர்களுக்கு அது மகிழ்ச்சியான முறிவு. ஏ380 விமானத்தின் இறக்கை 1.5ஐத் தொடுவதற்குச் சற்று முன்பே 2006 பிப்ரவரியில் முறிந்துவிட்டது. அதனால் அந்த இடத்தை வலுப்படுத்த வேண்டியதாயிற்று.

கடைசியில், விமானம் ஒரு விமான நிறுவனத்தின் கையில் இருப்பதைப் போலவே நாள்தோறும் ஓடிக் காட்ட வேண்டும். அமெரிக்க விதிப்படி, இதற்குமுன் எந்த விமானத்திலும் சான்று பெறாத வகை டர்பைன் என்ஜின் பொருத்தப்பட்டிருந்தால் இதற்கு 300 மணி நேரம், மற்றவற்றுக்கு 150 மணி நேரம். ஏ350 இதற்காக 2014 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் உலகெங்கும் 14 விமான நிலையங்களுக்குப் போய்வந்தது.

கேள்வி: சோதனையில் எல்லாமே சரியாக வந்தால் காலம் குறையுமா? தாமதத்துக்குச் சோதனைகளே காரணமா?

பதில்: சோதனைகளுக்கான காலத்தை முன்பே திட்டமிட்டுவிடுகிறார்கள். திட்டத்தைக் குலைப்பது சோதனையில் கண்டுபிடிக்கப்படுவதுதான். 2010 நவம்பர் 9 அன்று போயிங் 787 சோதனை விமானம் ஒன்று டெக்சாஸின் லரேடோவை நெருங்கிக்கொண்டிருந்தபோது, பின்பகுதியில் இருந்த மின்விநியோகப் பெட்டியில் தீப்பற்றியது. விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது. ஆனால் சோதனைப் பறப்புகள் ஏறத்தாழ ஆறு வாரம் நின்றுபோயின, பெட்டியின் வடிவமைப்பையும் மென்பொருளையும் மாற்ற வேண்டியிருந்தது. தாமதம் என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு அது சோதனை தன் வேலையைச் செய்ததாகவே படுகிறது.

ஏ380 கதை வேறு மாதிரியானது. அதற்கு 2006 டிசம்பர் 12 அன்றே சான்றிதழ் கிடைத்துவிட்டது. ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் முதல் விமானத்தைப் பெற்றுக்கொண்டது 2007 அக்டோபர் 15 அன்று. தேர்வில் தேறிய பிறகும் பத்து மாதம் ஏன்? காரணம் மின்கம்பிகள். அந்த விமானத்துக்குள் ஓடும் கம்பிகளின் மொத்த நீளம் சுமார் 530 கிலோமீட்டர். ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் இருந்த பொறியாளர்கள் ஒரே வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பயன்படுத்தியதால், ஹாம்பர்க்கில் கட்டி அனுப்பிய கம்பிக் கற்றைகள் துலூஸில் பொருத்தும்போது எட்டாமல் போயின. வரைபடத்தில் சரியாக இருந்த வளைவு விமானத்துக்குள் சில அங்குலம் குறைந்தது. சோதனை விமானங்கள் தனிக் கவனத்துடன் கட்டப்பட்டவை என்பதால் அவை பறந்துவிட்டன. அதையே வரிசையாகச் செய்ய முனைந்தபோதுதான் சிக்கல் முழுதாக வெளிப்பட்டது. ஒரு விமானத்தைப் பறக்க வைப்பதும், அதே விமானத்தை நூறு முறை ஒரே மாதிரி கட்டுவதும் வெவ்வேறு திறமைகள்.

கேள்வி: சோதனைக்குப் பயன்பட்ட அந்த முதல் விமானங்களை என்ன செய்கிறார்கள்? அவற்றையும் விற்றுவிடுவார்களா?

பதில்: சிலவற்றை விற்கிறார்கள். 1994இல் பறந்த முதல் போயிங் 777, சோதனைப் பணிகள் முடிந்து புதுப்பிக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டின் இறுதியில்தான் கேத்தே பசிபிக் நிறுவனத்திடம் போனது. முதல் பறப்புக்கும் ஒப்படைப்புக்கும் இடையே ஆறு ஆண்டுக்கு மேல்! அதன் பிறகு 2018 வரை பயணிகளைச் சுமந்துவிட்டு, இப்போது அரிசோனாவின் பீமா விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 787 விமானத்தின் முதல் மூன்றும் சோதனைகளின்போது அத்தனை மாறுதல்களுக்கு உள்ளானதால் விற்பனைக்கு ஆகாது என்று போயிங் முடிவு செய்தது; அவை ஜப்பானின் நகோயா, அமெரிக்காவின் டூசான், சியாட்டில் ஆகிய இடங்களில் காட்சிப் பொருள்களாகிவிட்டன.

கேள்வி: மாடல் சான்றிதழ் கிடைத்துவிட்டால், அதற்குப் பிறகு கட்டப்படும் விமானங்களை அப்படியே கொடுத்துவிடலாம் அல்லவா? அவையும் ஏன் நிறுத்தி வைக்கப்படுகின்றன?

பதில்: மாடலுக்குச் சான்றிதழ் இருந்தாலும், கட்டப்படும் ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாகப் பறப்புத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். இந்த விமானம் அங்கீகரிக்கப்பட்ட வடிவமைப்பின்படியே கட்டப்பட்டிருக்கிறது, பாதுகாப்பாகப் பறக்கும் நிலையில் இருக்கிறது என்பதே அது சொல்வது.

ஒழுங்காகப் போனால் நடைமுறை இப்படி இருக்கும். உற்பத்தியாளரின் விமானிகள் முதலில் எடுத்துப் பறப்பார்கள். தாழ்வேக எச்சரிக்கை, உச்சவேக எச்சரிக்கை, அறைக்குள் காற்றழுத்தம், மாற்று மின்வழி என்று ஒவ்வொன்றாகத் தூண்டிப் பார்ப்பார்கள். குறைகளைச் சரிசெய்த பிறகு வாங்குபவரின் ஆட்கள் வருவார்கள். அவர்கள் மூன்று நான்கு நாள் தங்கி விமானத்தைச் சல்லடை போட்டுச் சலிப்பதைப் பார்த்தால், மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்ததுபோல இருக்கும். ஒவ்வொரு இருக்கையையும் சாய்த்து நிமிர்த்துவார்கள். ஒவ்வொரு படிப்பு விளக்கையும் ஏற்றி அணைப்பார்கள். பெட்டி வைக்கும் தட்டுகளைத் திறந்து மூடுவார்கள். கழிவறைகளில் நீர் பாய்ச்சிப் பார்ப்பார்கள். உட்சுவரில் ஒரு கீறல் தென்பட்டாலும் அதன்மேல் ஒரு வண்ணத் துணுக்கை ஒட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போவார்கள். பின்பு அவர்களுடைய விமானியும் உடன் அமர்ந்து ஒருமுறை பறப்பார். எல்லாம் தீர்ந்த பிறகே, விலையின் பெரும்பகுதி வங்கியில் கைமாறி, உரிமைப் பத்திரத்தில் கையெழுத்தாகும். அந்த நொடி வரை விமானம் உற்பத்தியாளருடையது; ஆகவே பணத்தை விட்டுக்கொடுக்கும்முன் வாங்குபவர் அவசரப்படுவதில்லை.

இது சில வார வேலை. மாதக்கணக்கில் நிற்கும் விமானங்களுக்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். விமானத்தைக் கட்டும் நிறுவனம் என்ஜின்களையோ இருக்கைகளையோ தானே செய்வதில்லை. அவற்றில் ஏதாவது ஒன்று வரவில்லை என்றால், மற்றதெல்லாம் முடிந்திருந்தாலும் பயனில்லை. 2018இல் ஏ320நியோ விமானங்கள் என்ஜின் இல்லாமலேயே துலூஸிலும் ஹாம்பர்க்கிலும் வரிசையாக நின்றன; தொழிலில் இருப்பவர்கள் அவற்றைக் கேலியாகக் கிளைடர்கள், அதாவது என்ஜின் இல்லாமல் மிதந்து பறப்பவை, என்பார்கள். என்ஜின் தொங்க வேண்டிய இடத்தில் அதன் எடைக்கு ஈடாகப் பாரக் கட்டிகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் எடை பின்னுக்குச் சாய்ந்து வால் தரையில் குத்திவிடும். இவை வானில் ஏறாமலேயே காத்திருப்பவை. வானில் ஏறி இறங்கிய பிறகு காத்திருப்பவை பெரும்பாலும் உள் அலங்காரத்துக்காகவும் வண்ணத்துக்காகவும், அல்லது சரிபார்ப்பில் பிடிபட்ட குறைக்காகவும் நிற்கின்றன.

அந்தக் குறை சில நேரம் கண்ணுக்கே தெரியாது. 787 விமானத்தின் உடல், பீப்பாய் போன்ற பகுதிகளைத் தனித்தனியே செய்து ஒன்றோடொன்று இணைத்து உருவாக்கப்படுவது. சில இணைப்புகளில், அனுமதிக்கப்பட்ட இடைவெளியைவிடக் காகிதத் தாள் ஒன்றின் தடிமன் அளவுக்கே அதிகம் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. உடனடி ஆபத்து இல்லை என்றாலும், பல்லாயிரம் முறை காற்றழுத்தம் ஏறி இறங்கும்போது அந்த இடம் விரைவில் தேயும். இதனால் 2021 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை 787 ஒப்படைப்பு நின்றுபோயிற்று. நூற்றுக்கும் மேற்பட்ட புது விமானங்கள் தேங்கின. ஒவ்வொரு விமானத்துக்கும் தகுதிச் சான்றிதழை இனித் தன் ஆய்வாளர்களே நேரில் பார்த்து வழங்குவார்கள் என்றும் எஃப்.ஏ.ஏ. அறிவித்தது. அதுவரை அந்த வேலையில் பெரும்பகுதியைப் போயிங் ஊழியர்களே அதன் சார்பில் செய்துவந்தார்கள்.

கேள்வி: வாங்குபவரே விமானத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

பதில்: முடியும். ஏ350 விமானங்களின் மேற்பூச்சு உரிந்து, அடியில் உள்ள மின்னல் பாதுகாப்பு வலை பாதிக்கப்படுகிறது என்று கூறி, கத்தார் ஏர்வேஸ் 2021இல் மேற்கொண்டு விமானங்களைப் பெற்றுக்கொள்ள மறுத்தது. பாதுகாப்புக்கு ஆபத்தில்லை என்றது ஏர்பஸ். வழக்கு லண்டன் நீதிமன்றம் வரை போய், 2023 பிப்ரவரியில் சமரசத்தில் முடிந்தது. பயணிகள் குறைந்த காலங்களில், குறை எதுவும் இல்லாத விமானங்களைக்கூடத் தள்ளிப்போடச் சொல்லி வாங்குபவர்கள் கேட்பதுண்டு.

கேள்வி: இன்று கணினியில் எல்லாவற்றையும் கணித்துவிடலாமே. முதல் பறப்புக்கும் ஒப்படைப்புக்கும் உள்ள காலத்தைக் குறைத்தால் என்ன?

பதில்: ஓரளவு குறைக்கலாம், குறைத்தும் இருக்கிறார்கள். ஆனால் காலத்தின் நீளத்தை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. போயிங் 737 மேக்ஸ் 2016 ஜனவரி 29 அன்று பறந்து, 2017 மார்ச்சில் சான்றிதழ் பெற்று, மே மாதத்தில் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தது. பழைய மாடலின் வழிவந்த விமானத்துக்கு அது இயல்பான வேகமே. ஆனால் விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழிறக்கும் எம்காஸ் என்ற மென்பொருளின் அதிகாரத்தை, தாழ்வேகத்திலும் செயல்படும்படி, அந்தச் சோதனைக் காலத்தின்போதே கூட்டினார்கள். அது ஒரே ஓர் உணரியின் அளவீட்டை நம்பியே இயங்கியது. மாறுதலின் முழு விளைவும் எல்லா மட்டத்திலும் மறுபடி ஆராயப்படவில்லை. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் நடந்த இரண்டு விபத்துகளில் 346 பேர் மாண்டார்கள். முதல் பறப்புக்குப் பிறகு ஒரு விமானத்தில் செய்யப்படும் ஒவ்வொரு மாறுதலும், அதுவரை முடிந்துவிட்டதாக எண்ணிய சோதனைகளில் சிலவற்றை மீண்டும் திறக்க வேண்டும். இதுவே என் பதிலின் சாரம். அதைத் திறக்காமல் விட்டால் நாட்காட்டியில் சில வாரம் மிச்சமாகும், அவ்வளவுதான்.

அந்த விபத்துகளுக்குப் பிறகு உலகெங்கும் அந்த மாடல் தரையிறக்கப்பட்டது. ஆனால் தொழிற்சாலை சில மாதங்கள் ஓடிக்கொண்டேதான் இருந்தது. கொடுக்க முடியாத புது விமானங்கள் சுமார் 450 சேர்ந்தன. சியாட்டிலில் ஊழியர்களின் கார் நிறுத்துமிடத்திலும் விமானங்களை நிறுத்தினார்கள். கார்களுக்காகப் போட்டிருந்த வெள்ளைக் கோடுகளின் மேல் அவை நின்ற படங்கள் உலகமெங்கும் வெளிவந்தன. நிறுத்தி வைப்பதும் சும்மா இருப்பதல்ல. என்ஜின் வாய்களை மூட வேண்டும், டயர்களை அவ்வப்போது உருட்ட வேண்டும், என்ஜின்களை இடையிடையே ஓட்டிப் பார்க்க வேண்டும். இப்படி நின்றிருந்த சில விமானங்களின் எரிபொருள் தொட்டிகளுக்குள் வேலையாட்கள் மறந்துவிட்ட பொருள்கள் கிடந்ததையும் 2020இல் கண்டுபிடித்தார்கள்.

இப்போது காத்திருப்பவற்றில் பெரியது போயிங் 777எக்ஸ். நுனி மடியும் இறக்கை கொண்ட இந்த விமானம் 2020 ஜனவரி 25 அன்று முதன்முதலாகப் பறந்தது. 2024 ஆகஸ்டில் என்ஜினை இறக்கையோடு பிணைக்கும் பாகத்தில் விரிசல் தென்பட்டு, சோதனைகள் சில மாதங்கள் நின்றன. முதல் ஒப்படைப்பு 2027இல் என்று 2025 அக்டோபரில் போயிங் அறிவித்தது. இதற்கிடையே கட்டி முடித்த இருபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் எவரெட் தொழிற்சாலையில் நிற்கின்றன. சோதனை விமானங்களில் ஒவ்வொரு திருத்தம் செய்யப்படும்போதும், நின்றுகொண்டிருக்கும் அத்தனை விமானங்களையும் திறந்து அதே திருத்தத்தைச் செய்தாக வேண்டும். ஆகவே சான்றிதழ் கையில் வந்த மறுநாளே அவை வரிசையாகக் கிளம்பிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதலில் கட்டியது முதலில் போகும் என்பதும் நிச்சயமில்லை.